காகிதத்தில் மடித்த பாதி

டக்.

ஒரே ஒரு முறைதான் கேட்கும். பிளேடைக் காகிதத்திலிருந்து உரிக்காமல், காகிதத்தோடு சேர்த்தே விரல்களுக்கு நடுவில் வைத்து வளைத்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். அந்தச் சத்தம். சுள்ளி ஒடிவதைப் போல இருக்காது. சோற்றில் கல் கடிபடுகிறபோது காதுக்குள்ளே கேட்குமே, அதைப் போல இருக்கும். இன்று மதியம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சலூனைத் தாண்டிப் போகையில் கேட்டேன். பெரியாற்றில் தண்ணீர் குறைந்திருந்தது, பஸ் எதுவும் உறுமவில்லை, தேயிலை லாரி ஒன்றும் ஏறவில்லை. அந்தச் சின்னச் சத்தம் சாலையைக் கடந்து வந்து என்னைத் தேடிப் பிடித்தது. நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் மேலே இடித்துக்கொண்டு, ஏனப்பா நடு ரோட்டில் நிற்கிறாய் என்றார்.

என் கடையில் அந்தச் சத்தம் ஆடி மாதத்தோடு நின்றது. நான்தான் நிறுத்தினேன். மச்சான் மஸ்கட்டுக்குப் போய் இன்றோடு பதினோரு நாள். அக்கா என்னோடு பேசிப் பத்து நாள். மத்தியானச் சோற்றுத் தூக்கை மட்டும் கடைவாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். முன்பெல்லாம் தூக்கில் இரண்டு பேருக்கான சோறு இருக்கும். இப்போது ஒருவனுக்கு. அங்கே போய் இறங்கியவர்களுக்கு மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம். அதன் முடிவு இன்னும் வரவில்லை. போன் அடித்தால் என் கை கத்திரியோடு அந்தரத்தில் நிற்கிறது. நாற்காலியில் இருப்பவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்ப்பதில்லை.

வண்டிப்பெரியாரில், பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே ஏறுகிற படிகளை ஒட்டி எங்கள் கடை. இரண்டு நாற்காலி. ஜன்னல் பக்கத்து நாற்காலி மச்சானுடையது, உள்பக்கம் என்னுடையது. அக்காவைக் கட்டிக்கொண்டு எஸ்டேட்டை விட்டு வந்த நாளிலிருந்து அவரும் நானும் அடுத்தடுத்து நின்று வேலை செய்கிறோம். முதுகு ஒருவருக்கொருவர் உரசும் அளவுக்குத்தான் இடம். பேசாமலேயே ஒருவர் நகர்ந்தால் மற்றவர் நகர்வோம். தண்ணீர் பாட்டிலுக்கு அவர் கை நீண்டால் என் கையிலிருந்து அது போய்ச் சேரும். அப்படி ஒரு பழக்கம்.

மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத் துரு என்றால் என்னவென்று தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே இடவப்பாதியில், வைகாசி நடுவில், தொடங்கும் மழை, மூடுபனி, ஈரம். பனி கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. திறந்திருக்கும் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் துடைத்து வைத்த கத்திரி காலையில் மாநிறமாகியிருக்கும். மிஷினின் பல்லுக்கு எண்ணெய் விடாமல் இரண்டு நாள் விட்டால் முடியை வெட்டாது, பிடித்து இழுக்கும். துண்டுகள் காயவே காயாது. தேயிலை ஆலையில் வேலை செய்கிற ஒருவர் எங்கள் துண்டு மூட்டையை வாங்கிப் போய், இலை காயவைக்கும் அடுப்புப் பக்கம் போட்டு எடுத்து வருவார். எங்கள் கடையில் முகம் துடைத்தவர்கள் எல்லாம் பால் விடாத கட்டன்சாயா வாசத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

பல்பு மச்சானின் தேர்வு. வெள்ளை டியூப் லைட்டின் கீழே, பனிக்காலத்தில் நாற்காலியில் இருப்பவன் செத்தவன் மாதிரித் தெரிகிறான் என்று சொல்லி, கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் பல்பு மாட்டினார். கண்ணாடியில எல்லாரும் மாப்பிள்ளை மாதிரித் தெரியணும் மாப்ள என்றார். அது நிஜம். அந்த வெளிச்சத்தில் யாருடைய முகமும் பொன்னாகத்தான் இருந்தது. யாருடைய கண்ணும்.

பிளேடைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சவரக்கத்தியின் வாய் பாதி பிளேடைத்தான் கவ்வும். காகிதத்தோடு உடைத்து, ஒரு பாதியை உருவிக் கத்தியில் மாட்டுவோம். அடுத்த பாதி காகிதத்துக்குள்ளேயே அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். வேலை முடிந்ததும் போட்ட பாதியைக் கழற்றி, பால்பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு வைத்திருந்தோம், அதற்குள் போடுவோம். அதற்கு எங்கள் கடையில் உண்டியல் என்று பேர். நாள் முடிவில் ஒரு பாதி மிஞ்சினால் அது எங்களுக்கு. திங்கள்கிழமை மிஞ்சும் பாதி செவ்வாய்க்கிழமை எங்கள் முகத்துக்கு. செவ்வாய் கடை லீவு. அன்று காலையில் கதவைப் பாதி சாத்திக்கொண்டு அவர் எனக்கு வழிப்பார், நான் அவருக்கு வழிப்பேன். ஊரில் எல்லாருடைய கழுத்தும் எங்கள் கைக்கு வரும். எங்கள் கழுத்து எங்கள் இருவரைத் தவிர வேறு யார் கைக்கும் போனதில்லை.

மழைக்காலத்தில் இதிலே ஒரு வேலை கூடும். காகிதம் ஈரத்தைக் குடித்து ஊறிப்போகும். உள்ளே இருக்கிற புதுப் பாதி, யார் முகத்தையும் தொடாமலேயே துருவேறிவிடும். அதனால் அதைக் காகிதத்திலிருந்து வெளியே எடுத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தடவி, பழைய காலண்டர் தாளில் மடித்து வைப்பேன். கீழே, சமவெளியில், எந்தக் கடையிலும் இந்த வேலை கிடையாது. அங்கே புதுப் பாதி காகிதத்தை விட்டு வெளியே வரவேண்டிய தேவையே இல்லை. இங்கே வந்தது.

அது ஒரு திங்கள்கிழமை, பிற்பகல் நாலு மணி இருக்கும். ஆறு நாளாக விடாத மழை. எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். எங்களுக்குப் பல வருடப் பழக்கம். பீர்மேட்டு வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பெருமை பேசுவார். மச்சான் வழக்கமாக, அதனாலதான் உன் ஜீப்புல ஏறுறவன் எல்லாம் கண்ண மூடிக்கிறான் என்பார். அன்றைக்கு அவர் பேசவில்லை. வாய் கசக்குது, சாப்பாடு இறங்கல, உடம்பு அசதியா இருக்கு என்று மட்டும் சொல்லி என் நாற்காலியில் சாய்ந்தார். மச்சான் அக்காவுக்கு மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் புது பிளேடை எடுத்து உடைத்தேன். டக். ஒரு பாதியை மாட்டினேன்.

தொண்டைக்குழிக்கு மேலே வலது பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன மரு. அதன் இடம் எனக்குத் தெரியும், கை தானாக விலகிப் போகும். அன்று அவர் இருமினார். கத்தி மருவைத் தொட்டது. ரத்தம் வந்தது, கொஞ்சம் அதிகமாகவே வந்தது. படிகாரத்தை வைத்து அழுத்தினேன். வழக்கமாக உடனே நிற்கும். அன்று நிற்கவில்லை. துண்டை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அப்போது கரண்டு போனது.

பனி அடைத்த பிற்பகலில் கரண்டு போனால் கடைக்குள் சாம்பல் நிறம் மட்டும்தான் மிஞ்சும். நான் கத்தியிலிருந்து பாதியைக் கழற்றி, தண்ணீரில் அலசி, துடைத்துத் துண்டின் மேல் வைத்தேன். ரத்தம் பட்டதை அலசாமல் உண்டியலில் போட்டால் நாறும். ஊறின காகிதத்திலிருந்து புதுப் பாதியை எடுத்து, எண்ணெய் தடவலாம் என்று அதே துண்டின் மேல் வைத்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவருடைய போன் அடித்தது. குட்டிக்கானம் பக்கம் ரோட்டில் மரம் விழுந்துவிட்டது, ஜீப்போடு உடனே வா என்று மேனேஜர். அவர் எழுந்தார், தடுமாறினார், நான் கையைப் பிடித்துப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து, அந்தச் சாம்பல் வெளிச்சத்தில், ஒன்றுக்கு எண்ணெய் தடவிக் காலண்டர் தாளில் மடித்தேன். இன்னொன்றை உண்டியலில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஒரு மனுஷனுடைய வாழ்க்கையில் இத்தனை சுலபமாக ஒன்று நடந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் மச்சான் குஷியாக இருந்தார். மஸ்கட்டில் இருக்கிற ஒரு சலூனுக்கு ஆள் எடுக்கிறார்கள், விசா வந்துவிடும், கொச்சியில் மெடிக்கல் பாஸ் ஆனால் போதும் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் போன் வந்திருந்தது. அவருக்கு நாற்பத்தெட்டு வயது. இதை விட்டால் யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கே தெரியும். பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. அங்க மழையே கிடையாதாம் மாப்ள என்றார். கத்திரியத் தண்ணியில போட்டு எடுத்து அப்படியே வச்சாலும் துருப் பிடிக்காதாம். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தக் குஷியில் அன்று அவருக்கு மட்டும்தான் சவரம் நடந்தது. காலண்டர் தாளைப் பிரித்துப் பாதியை மாட்டினேன். இடது கன்னம் முடிந்து தாடைக்குக் கீழே வந்தபோது முகத்தைச் சுளித்தார்.

"என்ன மாப்ள, இழுக்குது?"

"எண்ணெய் மச்சான். மழைக்காலம்ல."

"எண்ணெய்னா வழுக்கணும்டா, இழுக்காது."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் தாடை அசைந்தது. ஒரு நெல்லு நீளத்துக்குக் கீறல். படிகாரம் வைத்தேன். அதே கல். நின்றது.

சனிக்கிழமை டீக்கடையில் சேதி கேட்டேன். ஜீப் டிரைவரைக் கோட்டயத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். கண்ணெல்லாம் மஞ்சள் என்றார் ஒருவர். மஞ்ஞப்பித்தம்தானே, எஸ்டேட் லயத்து வீட்டுத் தண்ணி சரியில்ல, கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாப் போச்சு என்றார் இன்னொருவர். அப்படி இல்லையாம் என்று டீ ஆற்றுகிறவர் சொன்னார். இது தண்ணியில வர்றது இல்ல, ரத்தத்துல வர்றதாம், பொண்டாட்டி புள்ளைக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பாக்குறாங்களாம். டம்ளரின் சூடு என் விரலில் ஏறியது. இழுக்குது என்று மச்சான் சொன்னது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

டீயை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மச்சான் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். உண்டியலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், திருப்புளியால் மூடியை நெம்பினேன். மேலே கிடந்தவை அந்த வாரத்தில் போட்டவை. எல்லாமே கறுத்து, துருவேறி, நுரையும் மயிரும் ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஒன்று, ஓரத்தில் மட்டும் துருப் புள்ளியோடு, வெள்ளையாக இருந்தது. குச்சியால் தள்ளி வெளியே எடுத்தேன். புதுப் பிளேடைக் காகிதத்தோடு பிடித்து வைக்கச் சின்ன மெழுகுப் புள்ளி வைத்திருப்பார்கள். ஒரு முகத்தில் போட்டு அலசித் துடைத்தால் அது போய்விடும். அந்தப் பாதியில் மெழுகு அப்படியே இருந்தது. காகிதத்தின் நீலத் துணுக்குகூட அதில் ஒட்டியிருந்தது.

யார் முகத்தையும் தொடாத பாதி உண்டியலுக்குள் இருந்தது. அப்படியென்றால் காலண்டர் தாளுக்குள் இருந்தது எது என்று நான் என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

திங்கள்கிழமை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸம்மாவிடம், எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொன்னேன். அவர் மலையாளத்தில், எத்தனை நாளாச்சு என்று கேட்டார். ஆறு நாள் என்றேன். அப்ப எழுந்து போங்க, இன்னைக்கே அவரைக் கூட்டிட்டு வாங்க, சீக்கிரம் ஊசி போட்டா வராமத் தடுக்கப் பாக்கலாம், தள்ளிப் போகப் போக கஷ்டம் என்றார். பிறகு என் கையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்துவிட்டு, நீங்க சலூனா, நீங்களும் போட்டுக்கணும், ரத்தத்தோடதானே வேலை என்றார். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். முதல் ஊசி அன்றைக்கே எனக்குப் போட்டார்கள்.

எனக்கு. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்தேன்.

சாயங்காலம் மச்சான் முதுகு என் கையில் இடித்தபோது ஆ என்றேன். என்னாச்சு என்றார். பஸ் கம்பியில இடிச்சிருச்சு என்றேன். தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டார்.

ஏன் சொல்லவில்லை? இத்தனை நாளில் எத்தனையோ பதில் தயாரித்திருக்கிறேன். அந்த வாரமே அவருக்குக் கொச்சியில் மெடிக்கல். சொன்னால் பதறிப் போவார், அங்கே போய் உளறிவிடுவார், விசா போய்விடும் என்பது ஒரு பதில். ஒருவேளை ஒன்றும் ஆகாது என்பது இன்னொன்று. தவறியது என் கை, ஊர் முழுக்க நம்பிக் கழுத்தை நீட்டுகிற கை, அதைப் பற்றி எப்படிச் சொல்வது என்பது மூன்றாவது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒன்று கிடந்தது. அவர் போய்விட்டால் ஜன்னல் பக்கத்து நாற்காலி எனக்கு. வெளிச்சம் உள்ள நாற்காலி. இப்படி நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். அந்த நிமிஷத்தைக் கழற்றிப் போட என்னிடம் உண்டியல் இல்லை.

வாயால் சொல்லாததைச் சாமான்களால் சொல்லப் பார்த்தேன். பாலக்காட்டிலிருந்து மாதம் ஒரு முறை வேனில் சலூன் சாமான் கொண்டு வருகிற ராவுத்தர் பாயிடம், ஒரு ஆளுக்குப் போட்டுவிட்டு அப்படியே எறிகிற கத்திகளை ஒரு பெட்டி கேட்டேன். அவர் வேனிலிருந்து இறங்கி நின்று என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, பத்து வருசமா தலகீழா நின்னு சொன்னனுங்க, நீங்க கண்டுக்கவே இல்லீங்க. இப்ப என்னங்க ஆச்சு, கடைக்குள்ள பேய் கீய் பூந்துருச்சுங்களா?"

மாப்ளைக்கு ஞானம் வந்துருச்சு பாய் என்றார் மச்சான். பாய் போகும்போது, ஞானம் சும்மா வராதுங்க, ஏதாச்சும் ஒண்ணு நடந்துதான் வருமுங்க என்று சொல்லிக்கொண்டே வேன் கதவைச் சாத்தினார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் வேன் வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படிகாரக் கல்லைப் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டேன். கேட்டதற்குக் கரைந்துவிட்டது என்றேன். கைத்துண்டுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தேன். மஞ்சள் பல்புகளைக் கழற்றி வெள்ளை மாட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவருடைய கண்ணையும் முதலில் பார்த்தேன். சீப்புகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன், பிளாஸ்டிக் சீப்புகள் கருவாடு மாதிரி சுருண்டு போயின. மச்சான் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்து, இத வச்சு யாருக்கு மாப்ள வாருறது, சுருட்ட முடிக்காரனுக்கா என்று கடையே அதிரச் சிரித்தார். வெள்ளை வெளிச்சத்தில் அவருடைய கண்ணின் வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொரு நாளும் பார்த்தேன். சிரிக்கும்போது பார்த்தேன். சாப்பிடும்போது பார்த்தேன். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என்னடா, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற என்று ஒரு நாள் கேட்டார்.

மெடிக்கல் பாஸ் ஆனது. கொச்சியிலிருந்து அல்வா வாங்கி வந்தார். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் அன்று தூக்கம் வந்தது. இரண்டாவது ஊசிக்குப் போனபோது நர்ஸம்மாவிடம், அந்த ஆளுக்கு டெஸ்டில் ஒன்றும் இல்லையாம் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை நாளில் எடுத்தது என்றார். பத்து நாள் என்றேன். இவ்வளவு சீக்கிரம் தெரியாது, உள்ளே இருந்தாலும் தெரிய மாசக்கணக்காகும், மறுபடியும் எடுக்கணும், ஏன் அவரைக் கூட்டி வரவே இல்லை என்றார். ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

புரட்டாசியில் ஜீப் டிரைவர் வந்தார். உள்ளே வரவில்லை. படியில் நின்றார். சட்டை தோளிலிருந்து ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது, தாடி வளர்ந்திருந்தது. மச்சான் விசா பேப்பர் விஷயமாக வெளியே போயிருந்தார். வாங்க உட்காருங்க என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"என் மூஞ்சிய இனிமே நானேதான் வழிச்சுக்கிறணும்னு சொல்லிட்டாங்க. ஒங்களுக்கெதுக்குச் சங்கடம்."

பாலத்துப் பக்கம் யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எங்க இருந்து ஒட்டுச்சுன்னு கேட்டாங்க. ஊசி போட்டியா, பச்ச குத்துனியா, கடையில சவரம் பண்ணுவியான்னு. நா வீட்லயே பண்ணிக்கிருவேன்னு சொல்லிப்புட்டேன். ஒங்க கடையச் சொல்லல."

என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் அங்கேயே நின்றேன். அதுவரைக்கும் இந்தப் பயம் ஒரு பக்கமாகத்தான் நடந்துகொண்டிருந்தது, அவரிடமிருந்து மச்சானுக்கு. இப்போது அது திரும்பி நின்று என் கடையைப் பார்த்தது. இதற்கு முன்னால் எத்தனை மழைக்காலம்? எத்தனை சாம்பல் வெளிச்சம்? எத்தனை காலண்டர் தாள்? நான் உண்டியலைத் திறந்து பார்த்தது அந்த ஒரே ஒரு முறைதான்.

கிளம்புவதற்கு முன்பு கடைசிச் செவ்வாய்க்கிழமை. மச்சான் தன் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எதை எடுத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நீளக் கத்திரியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து வெறும் காற்றை வெட்டிக் கேட்டார். அவர் கத்திரி வாங்குவது அப்படித்தான், சத்தத்தைக் கேட்டு. சாணைக்கல் வேண்டாம், அங்கே எல்லாம் மிஷின் என்றார். பழைய சவரக்கத்தியை, பாதி பிளேடு மாட்டுகிற அந்தக் கத்தியை, எடுத்துத் துணியில் சுற்றினார். அது எதுக்கு மச்சான் என்றேன். கை பழகினது மாப்ள என்றார். பிறகு என்னிடம் முகத்தைக் கொடுத்தார். நான் புதிய கத்தி ஒன்றை உறையிலிருந்து பிரித்தேன். தாடைக்குக் கீழே அந்தப் பழைய கீறலின் இடத்தில் வந்ததும் என் கை நின்றது. அங்கே ஒரு தழும்புகூட இல்லை.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"சோப்பு காஞ்சிருச்சு மச்சான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருடமாக என் கத்திக்குக் கீழே அப்படித்தான் மூடிக்கொள்வார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கொச்சி பஸ். அக்கா வீட்டிலேயே விடைகொடுத்துவிட்டாள், பஸ் ஸ்டாண்டில் வந்து அழக்கூடாது என்று மச்சான் சொல்லியிருந்தார். நானும் அவரும் பெட்டியும். பனி இறங்கிச் சாலையின் அந்தப் பக்கம் தெரியவில்லை. எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள் பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டமாக வந்து, பனிக்குள்ளே ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பஸ் வந்தது. பெட்டியை ஏற்றினேன். அவர் என் தோளில் கையைப் போட்டு, இனிமே ஜன்னல் சீட்டு ஒனக்குத்தாண்டா என்றார்.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

"மச்சான். ஆடி மாசம் ஒரு செவ்வாக்கெழம, இழுக்குதுன்னு சொன்னீங்கள்ல."

"ஆமா."

"அது புதுப் பாதி இல்ல. மொத நாள் ஜீப்பு டிரைவருக்குப் போட்டது. மாத்தி மடிச்சிட்டேன்."

அவர் கை தானாக எழுந்து தாடைக்குக் கீழே போயிற்று. சரியாக அந்த இடத்துக்கு. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும்?"

"அந்தச் சனிக்கெழமையே."

என்னையே பார்த்தார். பார்வை என் முகத்திலிருந்து இறங்கி என் இடது கைக்கு வந்து, தோளுக்குக் கீழே ஓரிடத்தில் நின்றது. "பஸ் கம்பி" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அவர் பஸ்ஸில் ஏறினார். பெல் அடித்தது. சக்கரம் அசைந்தது. நான் கூடவே நடந்தேன். அவர் படிக்கட்டிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகம் என் முகத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தது, முந்தின நாள் வழித்த தோலில் சோப்பு வாசம்கூட இன்னும் போயிருக்கவில்லை.

"நாளைக்கே ஒங்கக்காவக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்துப் பாரு. நா சொன்னேன்னு சொல்லாத. நீ செஞ்சதுன்னு சொல்லு."